பென்சில் கோடு விழாத பக்கங்கள்

நான் முதுகலை படித்தபோது விடுதி நூலகத்தில் பாமாவின் ‘கருக்கு’ ஒரே ஒரு படிதான் இருந்தது. முன்னட்டை கழன்றுபோய், பழைய காலண்டர் தாளில் உறை போட்ட படி. அது அலமாரிக்கு முறையாகத் திரும்பியதே இல்லை. ஒருத்தி முடித்ததும் அடுத்த அறைக்குப் போய்விடும். “படிச்சுப்பாரு, அழுதுருவ” என்று சொல்லித்தான் பக்கத்து அறைத் தோழி என்னிடம் கொடுத்தாள். அழுதேன். மறுநாள் காலைச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றபடி நாலைந்து பேர் அதைப் பற்றியே பேசினோம். “உள்ளத உள்ளபடி எழுதிருக்காங்கல்ல” என்றாள் ஒருத்தி. “எவ்வளவு தைரியம்” என்றாள் இன்னொருத்தி. பிறகு நானும் இரண்டு பேருக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன், அதே வாக்கியத்தைச் சொல்லி: படிச்சுப்பாரு, அழுதுருவ.

அந்தப் படி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. படிப்பு முடிந்து பெட்டி கட்டும்போது துணிகளுக்கிடையில் வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இருந்தது, கொடுக்கவில்லை. இந்தக் கட்டுரைக்காக அதை எடுத்துப் புரட்டியபோது முதலில் கண்ணில் பட்டவை கோடுகள். குறைந்தது நான்கைந்து கைகள். ஒருத்தி அடிக்கோல் வைத்து நேராகப் போட்டிருக்கிறாள். இன்னொருத்திக்குப் பக்க ஓரத்தில் “ச்சே” என்றும் “உண்மை” என்றும் எழுதும் பழக்கம். பச்சை மையில் இருப்பது என்னுடையது.

எந்தெந்த இடங்களில் கோடு விழுந்திருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். நாயக்கர் வீட்டுப் பெண்கள் உயரத்திலிருந்து தண்ணீரை ஊற்ற, பாட்டி கையைக் குவித்து வாயில் ஏந்திக் குடிக்கும் இடம். சாக்கடை ஓரம் வைத்த பாத்திரத்தில் மீந்த சோறு எட்ட நின்று கொட்டப்படும் இடம். பள்ளிக்கூடத்தில் தேங்காயைத் திருடினாள் என்று சிறுமி மேல் பழி விழும் இடம். போலீஸ் ஊருக்குள் நுழையும் இடம். கன்னியர் மடத்துப் பக்கங்களில் ஏறக்குறைய எல்லா வரியும். ஆனால் ஊரைச் சுற்றி நிற்கும் மலைகளைப் பெயர் சொல்லிச் சொல்லி அறிமுகப்படுத்தும் தொடக்கத்தில் ஒரு கோடு இல்லை. ஊர்க்காரர்களுக்கு எப்படி எப்படியெல்லாம் பட்டப்பெயர் வந்தது என்று விலாவாரியாகச் சொல்லும் பகுதியில் இல்லை. பிள்ளைகள் தெருவில் விளையாடும் விளையாட்டுகளில் இல்லை. அந்தப் பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்த மேனிக்குக் கிடக்கின்றன.

எங்கள் உற்சாகம் பொய்யில்லை. அந்த வயதில் எங்களுக்கு ஒரு புத்தகம் அப்படிக் கைமாறியதே பெரிய காரியம். ஆனால் எதைப் பகிர்ந்துகொண்டோம் என்று இப்போது கேட்டால், பாதிப் புத்தகத்தைத்தான்.

‘கருக்கு’ படித்தவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சி வடைப் பொட்டலக் காட்சி. பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுமி வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறாள். அவளுடைய தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் சின்னப் பொட்டலம் ஒன்றைச் சரடைப் பிடித்துத் தொங்கவிட்டபடி, பொட்டலத்தில் கை படாமல் கொண்டுவந்து நாயக்கரிடம் நீட்டுகிறார். எங்கள் படியில் கோடு தொடங்குவது இதற்கு அப்புறம்தான். தொட்டால் தீட்டு, அதனால்தான் அப்படித் தூக்கிக்கொண்டு போனார் என்று அண்ணன் விளக்கும் இடத்தில். மூன்று கைகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடு போட்டிருக்கின்றன. ஆனால் சிறுமி முதலில் என்ன செய்கிறாள்? சிரிக்கிறாள். அத்தனை பெரிய ஆள் அத்தனை சின்னப் பொட்டலத்தை அப்படித் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடி, அதை ஒரு வேடிக்கைக் கதையாக அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை.

இந்த வரிசைதான் அந்தப் பகுதியின் உயிர். தீட்டு என்றால் என்ன என்று தெரியாத ஒரு பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? விநோதமாகத்தான் தெரியும். சாதி இயல்பானது என்று பழக்கப்பட்ட கண்ணுக்கு அதில் சிரிக்க எதுவுமில்லை. பழகாத கண்ணுக்கு அது அபத்தம். பாமா நம்மை முதலில் அந்தப் பிள்ளையோடு சேர்த்துச் சிரிக்க வைக்கிறார். நாம் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் பதில் வருகிறது. சிரிப்பு இல்லாமல் அந்தப் பதில் மட்டும் இருந்தால் அது ஒரு தகவல். நாங்கள் தகவலுக்குத்தான் கோடு போட்டோம்.

“உள்ளத உள்ளபடி” என்ற பாராட்டின் கோளாறும் இதுதான். உள்ளது உள்ளபடி இருந்தால் யாரும் படிக்க முடியாது. வாழ்க்கைக்கு அத்தியாயம் கிடையாது. ‘கருக்கு’ பிறந்ததிலிருந்து வரிசையாகப் போகும் தன்வரலாறு இல்லை. ஊர், வேலை, கோவில், திருவிழா, படிப்பு என்று ஒவ்வொரு பிடியாகப் பிடித்து, பிள்ளைப் பருவத்திலிருந்து மறுபடி மறுபடி நடந்து வருகிறது. மடத்தைவிட்டு வெளியேறிய அந்த ஒரே நிகழ்ச்சி வேறு வேறு கோணத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆற்ற முடியாததை மனசு அப்படித்தான் சுற்றிச் சுற்றி வரும். பேசுகிற பெண்ணுக்குப் பெயர் இல்லை என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த ஒருவருடைய வாழ்க்கைதான் அது. ஆனாலும் ‘நான்’ என்று பேசுகிற குரலுக்குப் பெயர் வைக்கவில்லை. அந்த ‘நான்’ பல நேரம் ‘நாங்க’ ஆகிவிடுகிறது. எதைச் சொல்வது, எதை விடுவது, எந்தப் பேச்சில் சொல்வது என்பதெல்லாம் ஒருவர் உட்கார்ந்து எடுத்த முடிவுகள். தெருப்பேச்சிலேயே முழுப் புத்தகத்தையும் நடத்துவது, அதுவும் 1992இல், சாதாரண முடிவில்லை. கதைமாந்தர் உரையாடலில் வட்டார வழக்கு வருவது அதற்குள் தமிழில் பழகியிருந்தது. கதை சொல்லும் குரலே அந்த வழக்கில், அதுவும் ஒரு பறையர் தெருப் பெண்ணின் வழக்கில் இருந்தது பலருக்குத் தொண்டையில் சிக்கியது. கொச்சை என்றார்கள். நாங்கள் கொச்சை என்று சொல்லவில்லை, ‘இயல்பு’ என்றோம். இரண்டு சொல்லும் அங்கே ஒரு எழுத்தாளர் உட்கார்ந்து உழைத்திருக்கிறார் என்பதை ஒத்துக்கொள்ளவில்லை.

இது ஆண்களுக்கு எப்படி நடக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வரலாம். கணிதம் கற்பித்தவர், மதுரைத் தெருக்களில் குடியும் அலைச்சலுமாக வாழ்ந்து 1981இல் இறந்தவர் ஜி. நாகராஜன். ‘குறத்தி முடுக்கு’, ‘நாளை மற்றுமொரு நாளே’ இரண்டையும் எனக்கு மிகவும் பிடிக்கும். அவருடைய வாசகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு நாவலில் தொடங்கி ஐந்து நிமிடத்தில் அவருடைய வாழ்க்கைக்குப் போய்விடும். எங்கே தூங்கினார், யாரிடம் கடன் கேட்டார் என்று ஒரே கதைதான். அந்தப் பேச்சில் ஒரு ஏக்கம் இருக்கும். நம்மால் அப்படி வாழ முடியவில்லையே என்கிற, மாதச் சம்பளக்காரனின் ஏக்கம். பாமாவைப் பற்றிப் பேசும்போதும் பேச்சு வாழ்க்கைக்குத்தான் போகிறது, ஆனால் ஏக்கத்துக்குப் பதில் இரக்கம் வருகிறது. அவர் வாழ்ந்ததை யாரும் வாழ ஆசைப்படுவதில்லை. ஆணின் கரடுமுரடான வாழ்க்கை சாகசம், பெண்ணுடையது பரிதாபம். இரண்டிலும் வாக்கியங்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றாலும், நாகராஜனுக்காவது கலைஞன் என்ற பட்டம் கூடவே வருகிறது. பாமாவுக்கு ‘சாட்சி’ என்ற பட்டம்.

என் பச்சை மைக் கோட்டுக்கு வருகிறேன். அது பாட்டி தண்ணீர் குடிக்கும் இடத்தில் இருக்கிறது. அழுத்திப் போட்டதில் தாள் லேசாகக் கிழிந்திருக்கிறது. அன்று நான் அழுதது பாட்டிக்காக. என்னைப் பாட்டியின் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அழுதேன்.

நான் கரிசல் காட்டு ஊர்க்காரி. எங்கள் களத்துக்கு வேலைக்கு வருபவர்களுக்கு அப்பத்தாதான் தண்ணீர் ஊற்றுவாள். செம்பைத் தலைக்கு மேல் தூக்கி, நூல் பிடித்த மாதிரி, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுவாள். பிள்ளைகளுக்கு அது ஒரு வித்தை. “சிந்தாம ஊத்தணும்டி, தண்ணி லச்சுமி” என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஏழெட்டு வயதில் ஒரு திண்டின் மேல் ஏறி நின்று நானும் ஊற்றியிருக்கிறேன். கீழே குவித்த கைகளில் ஒரு கை என் அம்மாவைவிட வயதான ஒருவருடையது. சிந்தாமல் ஊற்றியதற்கு அப்பத்தா என்னைப் பாராட்டினாள். இருபது சொச்ச வயதில் ‘கருக்கு’ படித்து அழுதபோது இது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. பாடம் நடத்தத் தொடங்கிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, வகுப்பில் அந்தப் பக்கத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, உயரத்தைக் காட்டுவதற்காகக் கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். தூக்கிய கை பழகிய கையாக இருந்தது. அத்தோடு அன்றைய வகுப்பை முடித்துக்கொண்டேன்.

அந்தக் கண்ணீர் எனக்குச் செய்துகொடுத்த வசதி அதுதான். அழுகிறவள் ஊற்றுகிறவளாக இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு வகுப்பு. முதுகலை இரண்டாம் ஆண்டு. அதே பகுதியை ஒரு மாணவியை வாசிக்கச் சொன்னேன். மற்றவர்கள் அந்த வழக்கில் தடுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள், இவள் ஓடையில் தண்ணீர் போவது மாதிரி வாசித்தாள். வகுப்பே அமைதியாகக் கேட்டது. முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒருத்தி திரும்பி, நிஜமான பிரியத்தோடுதான், “உங்க ஊர்லயும் இப்படித்தானாடி?” என்று கேட்டாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். மாலையில் துறைக்கு வந்தாள்.

“மேம், இனிமே என்னைய வாசிக்கச் சொல்லாதீங்க.”

“ஏன்மா, ரொம்ப நல்லா வாசிச்சியே?”

“நான் வாசிச்சா புத்தகத்தக் கேக்க மாட்டேங்குறாங்க மேம். என்னையப் பாக்குறாங்க.”

நான் நல்லெண்ணத்தோடு செய்த காரியம் அது. நல்ல உச்சரிப்புக்காக அவளைத் தேர்ந்தெடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த உச்சரிப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா என்ன?

பாமாவின் சொந்த ஊர் அந்தப் புத்தகத்தை முதலில் கொண்டாடவில்லை. ஊரை அம்பலப்படுத்திவிட்டாள் என்று கோபம். சில மாதங்கள் ஊருக்குள்ளேயே போக முடியவில்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு படித்த இளைஞர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்ட, அந்தக் கோபம் மாறியது. இதைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் சாப்பாட்டு வரிசை நினைவுக்கு வரும். எங்களுக்கு அந்தப் புத்தகத்தைக் கொண்டாட ஒரு செலவும் ஆகவில்லை. ஊர்க்காரர்களுக்கு அது முகத்துக்கு நேரே வந்தது. கோபப்பட்டு, பிறகு தமதாக்கிக்கொண்ட அந்த வாசிப்பில் எங்கள் ஒரு இரவு அழுகையைவிடக் கனம் அதிகம்.

‘சங்கதி’யைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 1994இல் வந்த அந்தப் புத்தகம் என் கணக்கில் ‘கருக்கு’வைவிட ஒரு படி மேலே. ஒரு ‘நான்’ இருந்த இடத்தில் தெரு முழுக்கப் பெண்கள் வந்துவிடுகிறார்கள். பாட்டி ஒரு கதை சொல்வாள், நடுவில் யாராவது புகுந்து மறுத்துப் பேசுவார்கள், எங்கேயோ பாட்டு வரும். மாரியம்மாளின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து முதலாளி கையைப் பிடித்து இழுக்கிறான். அவள் தப்பி ஓடுகிறாள். அவன் முந்திக்கொண்டு அவள் மேலேயே பழி போடுகிறான். ஊர்க்கூட்டம் கூடி அவளுக்கே அபராதம் போடுகிறது. உடன் பழி சுமந்த பையனுக்கு அவளைவிடக் குறைவு. கூட்டத்தில் பெண்கள் பேச வாயெடுத்தால் அதட்டி உட்கார வைக்கிறார்கள். சாதி மேலிருந்து அடிப்பதும் சொந்தத் தெரு ஆண்கள் பக்கத்திலிருந்து அடிப்பதும் ஒரே காட்சியில். தலித் பெண்ணியம் பற்றி நாங்கள் கருத்தரங்குகளில் அரைநாள் பேசுவதை அந்தக் கூட்டம் பேச்சுவழக்கில், முணுமுணுப்பும் வசவுமாக நடத்திக் காட்டிவிடுகிறது.

ராக்கம்மா வருகிற இடம் வகுப்பில் நடத்தக் கடினமான இடம். புருசன் அடிக்க வரும்போது அவள் நடுத்தெருவில் நின்று, காது கூசும் வசவுகளை வீசி, கடைசியில் சேலையைத் தூக்கிக் காட்டுகிறாள். அவன் பின்வாங்குகிறான். அப்படிக் கத்தியிருக்காவிட்டால் அவன் அவளை அடித்தே கொன்றிருப்பான் என்பது கதை சொல்பவளுக்குப் புரிகிறது. எங்கள் பெண்ணிய வாசிப்புகளில் மாரியம்மாளுக்குக் கிடைத்த மேற்கோள்களில் கால்வாசிகூட ராக்கம்மாவுக்குக் கிடைக்கவில்லை என்பது என் அனுபவம். அடிபட்டவளை அணைத்துக்கொள்வது எளிது. சேலையைத் தூக்கியவளை எந்தப் பக்கம் நின்று அணைப்பது? நானே ஓராண்டு அந்தப் பகுதியை ‘நேரமின்மை காரணமாக’ விட்டுவிட்டேன். நேரம் இருந்தது.

குறை இல்லாத எழுத்து என்று நான் சொல்லவில்லை. ‘கருக்கு’வின் பின்பாதியில் மடத்தின் பாசாங்கு பற்றிய பக்கங்கள் நீண்டு, ஒரே குற்றச்சாட்டு வேறு வேறு சொற்களில் வருகிறது. மேலே சொன்ன மனசின் சுற்று வேறு, இந்த நீட்சி வேறு. ‘சங்கதி’யில் பெண்கள் பேசி முடித்த பிறகு கதை சொல்பவள் வந்து, பெண்பிள்ளைகளை எப்படி வளர்க்க வேண்டும் என்று எடுத்துச் சொல்லும் இடங்கள் எனக்கு இடைஞ்சல். பாட்டி ஏற்கெனவே சொல்லிவிட்டாள், இன்னும் நன்றாகச் சொல்லிவிட்டாள். ஒருமுறை இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். ஒரு தோழர் எழுந்து, இவ்வளவு வலியோடு எழுதப்பட்டதில் வடிவக் குறை பார்ப்பதா என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்விதான் அவமரியாதையாகப் பட்டது. குறை சொல்லத் தகுந்தது என்று ஒரு எழுத்தை மதிப்பதும் மரியாதைதானே. வலி என்று சொல்லி விமர்சனத்தை நிறுத்திவிட்டால் அவரை இலக்கியக் கணக்கிலிருந்தே வெளியே வைத்துவிடுகிறோம்.

2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து ‘சங்கதி’யும் சுகிர்தராணியின் கவிதைகளும் மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’யும் நீக்கப்பட்டபோது நாங்கள் சிலர் கண்டன அறிக்கை ஒன்று தயாரித்தோம். முதல் வரைவை எழுதியவள் நான். அனுப்பும் முன் படித்துப் பார்த்தால் ‘வலி’ ஆறு இடத்தில் இருந்தது. பாமாவின் ‘கிசும்புக்காரன்’ என்ற தொகுப்பின் பெயரே கிசும்புக்காரன்! பண்ணையாருக்கு முன்னால் கையைக் கட்டி நின்றபடியே வார்த்தையில் அவரைக் குப்புறத் தள்ளும் ஆட்கள் திரியும் உலகம் அவருடையது. நீக்கியவர்களுக்கு உண்மையில் உறுத்தியது ஒப்பாரியா, அந்தக் கிசும்பா? எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. அறிக்கையில் நான்கு ‘வலி’யை எடுத்தேன். இரண்டை மற்றவர்கள் எடுக்கவிடவில்லை.

வாசிக்க மறுத்த அந்த மாணவி பருவ இறுதியில் ஒப்படைப்புக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு ‘கருக்கு’ நூலில் பட்டப்பெயர்கள். யாரும் கோடு போடாத அந்தப் பக்கங்கள். பட்டப்பெயர் எங்கிருந்து பிறக்கிறது என்று பிரித்திருந்தாள். உடம்பிலிருந்து, செய்த தப்பிலிருந்து, ஒருநாள் உளறிய உளறலிலிருந்து. வெளித்தெருக்காரர்கள் வயதில் பெரியவர்களையும் பெயர் சொல்லி ‘வாடா, போடா’ என்று கூப்பிடும் ஊரில், தங்களுக்குள் ஒருவருக்கொருவர் வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொள்வது என்ன வேலை செய்கிறது என்று ஒரு பத்தி. நான் இருபது ஆண்டுகளில் யோசிக்காத பத்தி. பின்னிணைப்பாகத் தன் தெருவின் பட்டப்பெயர்கள் முப்பத்தொன்றைக் காரணத்தோடு பட்டியல் போட்டிருந்தாள். ஆட்களின் உண்மைப் பெயர் ஒன்றுகூட இல்லை. கடைசிப் பெயருக்கு எதிரே, “இது எனக்கு வைத்தது, காரணம் சொல்ல மாட்டேன்” என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தாள்.

துறை அறையில் உட்கார்ந்து அதைத் திருத்தும்போது பன்னிரண்டாவது பெயரில் எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அடுத்த மேசையில் இருந்த சக பேராசிரியர் நிமிர்ந்து, “என்ன மேடம், என்ன படிக்கிறீங்க?” என்றார்.

“கருக்கு.”

“கருக்கா? அது அழுவாச்சிப் புத்தகமில்ல?”

பன்னிரண்டாவது பெயரை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.